எட்டுப் பேர் இருந்த நீதிமன்றம்

வாஷிங்டன் யூனியன் ஸ்டேஷனில் இறங்கித் தெற்கே நடந்தால் முதலில் வருபவை செனட்டர்களின் அலுவலகக் கட்டடங்கள். ரஸ்ஸல், டர்க்சன், ஹார்ட் என்று மூன்றும் அடுத்தடுத்து நிற்கின்றன. அவற்றைத் தாண்டிக் கான்ஸ்டிட்யூஷன் அவென்யூவைக் கடந்தால் ஃபர்ஸ்ட் ஸ்ட்ரீட்டின் வலப்புறம் நாடாளுமன்றக் கட்டடமான கேபிடல், இடப்புறம் உச்ச நீதிமன்றம். நீதிபதியின் நியமனத்துக்கு ஒப்புதல் தரவேண்டியவர்கள் சாலைக்கு அந்தப் பக்கம். அந்த நீதிபதி வந்து உட்காரவேண்டிய இடம் இந்தப் பக்கம். பச்சை விளக்கு எரிந்தால் அரை நிமிடத்தில் கடந்துவிடலாம். 2016ஆம் ஆண்டு மெரிக் கார்லண்ட் என்ற நீதிபதியால் அந்தச் சாலையைக் கடக்க முடியவில்லை.

நான் அங்கே போனது அந்த ஆண்டு ஜூன் 23, வியாழக்கிழமை. மேரிலாந்தில் வேலை பார்க்கும் அக்கா மகன் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தான். சில்வர் ஸ்பிரிங்கில் ரெட் லைன் மெட்ரோ ஏறினோம். ஜூன் மாதக் கடைசியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தப் பருவத்தின் பெரிய தீர்ப்புகளையெல்லாம் அடுத்தடுத்து வெளியிட்டுவிட்டுக் கோடை விடுமுறைக்குப் போகும். எந்த நாளில் எந்தத் தீர்ப்பு வரும் என்று முன்கூட்டிச் சொல்வதில்லை. அதனால் ஒவ்வொரு தீர்ப்பு நாளன்றும் வழக்கோடு சம்பந்தப்பட்டவர்கள் வந்து வாசலில் காத்திருக்கிறார்கள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்பது. நடைபாதை நிறையக் கூட்டம். பெரும்பாலோர் ஸ்பானிஷ் பேசினார்கள்.

படங்களில் பார்த்துப் பழகிய கட்டடம்தான். நேரில் பார்க்கையில் அந்த வெள்ளைப் பளிங்கு கண்ணைக் கூச வைக்கிறது. காஸ் கில்பர்ட் வடிவமைத்து 1935இல் கட்டி முடித்தார்கள். அதற்கு முன் 146 ஆண்டுகள் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்குச் சொந்தக் கட்டடம் கிடையாது. 1860 முதல் 1935 வரை கேபிடலுக்குள்ளேயே, செனட் காலி செய்துவிட்டுப் போன பழைய அறையில்தான் நீதிபதிகள் அமர்ந்து வழக்கு கேட்டார்கள். முகப்பில் 16 தூண்கள், ஏறிப்போக 44 படிகள், ஒவ்வொன்றும் ஆறரை டன் எடையுள்ள வெண்கலக் கதவுகள். பாதுகாப்புக் காரணம் சொல்லி 2010 முதல் அந்தக் கதவு வழியாக யாரையும் உள்ளே விடுவதில்லை. பக்கவாட்டு வழியில் சோதனை முடித்துத்தான் போக வேண்டும். கட்டும்போது எல்லாருக்கும் திறந்திருக்கட்டும் என்று நினைத்த வாசல் அது. மூடியதை என்னால் ஏற்க முடியவில்லை.

படிகளுக்கு முன்னால் விரிந்து கிடக்கும் பளிங்குத் தளத்தில் பதாகை பிடிக்கக் கூடாது, கோஷம் போடக் கூடாது. நடைபாதையில்தான் நிற்க வேண்டும். பளிங்கும் சிமெண்டும் சந்திக்கிற கோட்டில் காவலர்கள் நின்றுகொண்டிருந்தார்கள். இந்தத் தடை 1949ஆம் ஆண்டுச் சட்டம். அது பேச்சுரிமைக்கு எதிரானது என்று ஒருவர் வழக்குப் போட, 2015இல் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. அந்தத் தீர்ப்பை எழுதியவர் நம்மவர்: ஸ்ரீ சீனிவாசன். தந்தையின் பூர்வீகம் திருநெல்வேலிக்குப் பக்கத்தில் மேலத் திருவேங்கடநாதபுரம். சண்டிகரில் பிறந்து, கான்சாஸ் மாநிலத்தின் லாரன்ஸ் நகரில் வளர்ந்தவர். தந்தை அங்கே பல்கலைக்கழகத்தில் கணிதப் பேராசிரியர். 2013இல் செனட் அவரை 97க்கு 0 என்ற கணக்கில் நீதிபதியாக ஏற்றது. எதிர்த்து ஒரு கை கூட உயரவில்லை. 2016 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் ஓர் இடம் காலியானதும் ஒபாமா பரிசீலித்தவர்களில் அவரும் ஒருவர். அந்த வாரங்களில் தாமிரபரணிக் கரையில்கூட அந்தச் செய்தி பேசப்பட்டது.

அந்த இடம் காலியான விதத்தைச் சொல்லிவிட வேண்டும். 2016 பிப்ரவரி 13, சனிக்கிழமை. நீதிபதி ஆண்டனின் ஸ்கேலியா டெக்சாஸில் ஒரு பண்ணை விடுதியில் இறந்து கிடந்தார். வயது 79. அந்தக் கால் நூற்றாண்டின் வலதுசாரிச் சட்டச் சிந்தனைக்கு அவரே முகம். அவர் போனதும் எஞ்சிய எட்டுப் பேரில் பல கேள்விகளுக்குச் சரிபாதிப் பிளவு. மரணச் செய்தி உறுதியான சில மணி நேரத்துக்குள், உடல் இன்னும் டெக்சாஸிலேயே இருக்கும்போது, செனட்டின் பெரும்பான்மைத் தலைவர் மிட்ச் மெக்கானல் அறிக்கை விட்டார்: இந்த இடத்தைப் புதிய குடியரசுத் தலைவர் வந்துதான் நிரப்ப வேண்டும். ஒபாமாவுக்கு அப்போது பதவிக்காலம் 11 மாதங்களுக்கு மேல் இருந்தது. பிப்ரவரி 23 அன்று நீதித் துறைக் குழுவின் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் 11 பேரும் ஒரே கடிதத்தில் கையெழுத்துப் போட்டார்கள். யாரைப் பரிந்துரைத்தாலும் விசாரணை அமர்வே நடத்தமாட்டோம் என்பது சாரம். யார் என்று பெயர் தெரிவதற்கு முன்பே போட்ட கையெழுத்து அது.

மார்ச் 16 அன்று வெள்ளை மாளிகையின் ரோஜாத் தோட்டத்தில் ஒபாமா கார்லண்டின் பெயரை அறிவித்தார். சீனிவாசன் இருந்த அதே மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தலைமை நீதிபதி கார்லண்ட். வயது 63. இத்தனை வயதானவரை எடுத்ததே ஒரு சமரசம். ஆயுட்காலப் பதவிக்கு எல்லாக் கட்சியினரும் ஐம்பதைச் சுற்றியுள்ளவர்களைத்தான் தேடுவார்கள். 1995 ஓக்லஹோமா குண்டுவெடிப்பு வழக்கை மேற்பார்வை செய்தவர். 1997இல் 76க்கு 23 என்று இரு கட்சி ஆதரவோடு நீதிபதியானவர். குடியரசுக் கட்சியின் மூத்த செனட்டர் ஆரின் ஹேட்ச், ஒபாமா நினைத்தால் கார்லண்டைப் போன்ற நல்ல மனிதரைப் பரிந்துரைக்கலாம் என்று சில நாள் முன்புதான் சொல்லியிருந்தார். ஒபாமா அவரையே பரிந்துரைத்தார். ஹேட்ச் உட்பட 11 பேரின் கையெழுத்தும் அப்படியே நின்றது.

நான் அந்த நடைபாதையில் நின்ற நாளில், பரிந்துரை வந்து நூறு நாள் ஆக ஒரு நாள் குறைவு.

பத்து மணி அடித்து, நிமிடங்கள் நகர்ந்தன. தீர்ப்பு நகல்களைப் பத்திரிகை அறையில் வாங்கிக்கொண்டு பயிற்சிப் பணியாளர்கள் ஓடி வருவார்கள். தீர்ப்பை அறிவிக்கும்போது நீதிமன்றத்துக்குள் கேமராவோ நேரலையோ கிடையாது என்பதால் தொலைக்காட்சிகளுக்கு இந்த இளைஞர்களின் கால்கள்தான் வழியாக இருந்தன. கோட்டும் பாவாடையும் போட்டு, அடியில் ஓட்டப்பந்தயக் காலணி அணிந்திருந்த ஒரு பெண் பளிங்குத் தளத்தில் குறுக்கே பாய்ந்து வந்தார். கையில் தாள்கள். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து பேர்.

"மாமா, வந்துருச்சு. டெக்சாஸ் கேஸ்," என்றான் அக்கா மகன், போனைப் பார்த்தபடி. கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "நாலுக்கு நாலு," என்றான்.

அமெரிக்கா எதிர் டெக்சாஸ் என்பது வழக்கின் பெயர். 2014 நவம்பரில் ஒபாமா ஓர் ஏற்பாட்டை அறிவித்தார். ஆவணமில்லாமல் வசிப்பவர்களில், அமெரிக்கக் குடிமக்களுக்கோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கோ பெற்றோராக இருந்து, 2010க்கு முன்பிருந்தே அங்கே வாழ்பவர்களை நாடு கடத்துவதை மூன்று ஆண்டுகளுக்குத் தள்ளிவைப்பது, வேலை செய்ய அனுமதி தருவது. சுமார் 40 லட்சம் பேருக்குப் பொருந்தும் என்று கணக்கிட்டார்கள். டெக்சாஸ் தலைமையில் 26 மாநிலங்கள் வழக்குப் போட்டன. பிரௌன்ஸ்வில் நகரில் ஒரு கூட்டாட்சி நீதிபதி நாடு முழுவதற்குமாகத் தடை விதித்தார். மேல்முறையீட்டு நீதிமன்றம் தடையை உறுதி செய்தது. உச்ச நீதிமன்றம் ஏப்ரலில் வாதங்களைக் கேட்டு, அன்று காலை ஒரே ஒரு வாக்கியத்தில் முடித்தது. நீதிமன்றம் சரிபாதியாகப் பிரிந்ததால் கீழ் நீதிமன்றத்தின் முடிவு நிலைக்கிறது. ஆங்கிலத்தில் அது ஒன்பதே சொற்கள்.

சமமாகப் பிரிந்தால் யார் எந்தப் பக்கம் என்று வெளியிடமாட்டார்கள். காரணம் எழுதமாட்டார்கள். பிற்கால வழக்குகளுக்கு அது முன்னுதாரணமும் ஆகாது. 40 லட்சம் பேரின் வாழ்க்கையைத் தொடும் கேள்வி, குடியரசுத் தலைவரின் அதிகாரம் எதுவரை என்ற கேள்வி. அதற்கு நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் கொடுத்த விடையில் ஒரு காரணம்கூட இல்லை.

எங்களுக்குப் பக்கத்தில் ஒரு தாயும் மகளும் நின்றிருந்தார்கள். தாய் எல் சால்வடாரிலிருந்து வந்தவர். வர்ஜீனியாவில் அலுவலகங்களைச் சுத்தம் செய்யும் வேலை. மகள் அங்கேயே பிறந்தவள், பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும். வாழைப்பழப் பெட்டியை வெட்டி எழுதிய பதாகையை வைத்திருந்தார்கள். அதன் முதுகுப்பக்கத்தில் பழக் கம்பெனியின் நீலச் சின்னம் பாதி தெரிந்தது. எழுத்துகளுக்கு முதலில் பென்சிலில் கோடு போட்டு, பிறகு மேலே தடித்த மையால் எழுதியிருக்கிறாள் அந்தப் பெண். பென்சில் கோடு இன்னும் அழியவில்லை. செய்தி பரவியதும் அம்மா மகளிடம் ஏதோ கேட்டார். மகள் என் அக்கா மகனிடம் திரும்பி ஆங்கிலத்தில் கேட்டாள்: இரண்டு பக்கமும் சமம் என்றால் வழக்கை மறுபடி நடத்துவார்களா என்று அம்மா கேட்கிறார்.

"அதுக்கு ஒன்பதாவது நீதிபதி வரணும்," என்று அவளிடம் சொன்னான். அவள் அதை ஸ்பானிஷில் சொன்னாள். எப்போது வருவார் என்று அம்மா கேட்டார். அதற்கு அவனிடம் பதில் இல்லை. தெருவைத் தாண்டி நிற்கும் அந்த வெள்ளைக் கட்டடங்களைக் காட்டினான்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். கார்லண்ட் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் அந்தத் தாய்க்குச் சாதகமாகத்தான் வாக்களித்திருப்பார் என்று என்னால் சொல்ல முடியாது. அவர் அதிகம் ஓரம் சாயாத நீதிபதி என்று பெயர் வாங்கியவர். எதிராகவே வாக்களித்திருந்தாலும் ஐந்துக்கு நான்கு என்று ஒரு தீர்ப்பு வந்திருக்கும். ஏன் கிடையாது என்று பக்கம் பக்கமாக யாராவது எழுதியிருப்பார்கள். தோற்றவருக்கு அந்தக் காரணத்தைத் தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு. அன்று அந்த நடைபாதையில் நின்றவர்களுக்கு அது கிடைக்கவில்லை.

பிற்பகலில் உள்ளே போனோம். அமர்வு இல்லாத நேரங்களில் நீதிமன்ற அறையில் பார்வையாளர்களுக்கு விளக்கவுரை உண்டு. நான் நினைத்ததைவிடச் சிறிய அறை. சுற்றிலும் இத்தாலியப் பளிங்குத் தூண்கள் 24. நீதிபதிகளின் மேசைக்குப் பின்னால் சிவப்புத் திரை. மேலே தொங்கும் கடிகாரம். வழக்கறிஞர் மேசைக்கும் நீதிபதிகளுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறைவு. ஓர் ஆள் தன் வழக்கைச் சொல்ல, கேட்பவரின் முகச் சுருக்கம்கூடத் தெரியும் தூரம்.

நடுவில் தலைமை நீதிபதி. அவருக்கு வலப்பக்கம் மிக மூத்தவர், இடப்பக்கம் அடுத்த மூத்தவர், இப்படியே மாறி மாறி ஓரம் வரை. ஸ்கேலியா 1986 முதல் இருந்தவர் என்பதால் தலைமை நீதிபதிக்கு நேர் வலப்பக்கம் அவருடைய இடம். நீதிபதி இறந்தால் நாற்காலிக்கும் அதற்கு முன்னுள்ள மேசைப் பகுதிக்கும் கறுப்புத் துணி போர்த்துவது 1873 முதலாவது இருந்துவரும் வழக்கம். ஸ்கேலியாவின் நாற்காலியில் அந்தத் துணி ஒரு மாதம் இருந்தது. பிறகு எடுத்துவிட்டு மற்றவர்கள் மூப்பு வரிசைப்படி நகர்ந்து உட்கார்ந்தார்கள். கறுப்புத் துணி இருந்தவரை இடம் காலி என்று பார்ப்பவர் எல்லாருக்கும் தெரிந்தது. ஜூனில் நான் பார்த்தபோது எல்லாம் ஒழுங்காக இருந்தது. முன்பின் தெரியாதவர் வந்து பார்த்தால் எதுவும் குறைவதாகவே தோன்றாது. ஒரு முட்டுக்கட்டை மக்களுக்குப் பழகிப்போவது இப்படித்தான் என்று எனக்குப் பட்டது.

"நம்ம ஊர்ல இந்தச் சிக்கல் வராதுல்ல மாமா? அங்கதான் ஜட்ஜுங்களே ஜட்ஜைத் தேர்ந்தெடுக்கிறாங்களே," என்று வெளியே வரும்போது கேட்டான்.

வரும் என்றேன். நீதிபதிகள் நியமன ஆணையச் சட்டத்தை 2015 அக்டோபரில் நம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மூத்த நீதிபதிகளின் குழுவான கொலீஜியம் பரிந்துரைக்கும், அரசு கோப்பைக் கையில் வைத்துக்கொள்ளும். 2016 ஏப்ரலில், இதே இழுபறி அமெரிக்காவில் நடந்துகொண்டிருந்தபோதுதான், டெல்லியில் பிரதமர் முன்னிலையில் தலைமை நீதிபதி தாக்கூர் நீதிபதிப் பற்றாக்குறையைப் பேசி மேடையிலேயே கண் கலங்கினார். முறை வேறு, நோய் ஒன்றுதான்: முடியாது என்று சொல்லாமலேயே முடியாமல் ஆக்குவது.

ஹார்ட் கட்டடத்துக்குப் போனோம். செனட் அலுவலகங்களுக்குள் யார் வேண்டுமானாலும் சோதனை முடித்துப் போகலாம். முன் அனுமதி தேவையில்லை. இது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நடுக்கூடத்தில் அலெக்சாண்டர் கால்டர் செய்த கறுப்பு எஃகு மலைகள் பல மாடி உயரத்துக்கு எழுந்து நிற்கின்றன. இரண்டாம் தளத்தில் 216ஆம் எண் அறை. பெரிய விசாரணைகளுக்கென்றே கட்டிய அறை அது. 2009இல் சோனியா சோட்டோமேயர், 2010இல் எலினா கேகன் இருவரும் அங்கேதான் நாள்கணக்கில் செனட்டர்களின் கேள்விகளுக்குப் பதில் சொன்னார்கள். கதவு பூட்டியிருந்தது. தாழ்வாரத்தில் இரண்டு பணியாளர்கள் காபிக் கோப்பைகளோடு பேசிக்கொண்டே போனார்கள்.

அந்த நூறு நாளில் கார்லண்ட் சும்மா இருக்கவில்லை. செனட்டர்களை ஒவ்வொருவராகப் போய்ப் பார்த்தார். ஏப்ரலில் நீதித் துறைக் குழுத் தலைவர் சார்ல்ஸ் கிராஸ்லி அவருக்குச் செனட் உணவறையில் காலைச் சாப்பாடு கொடுத்து, ஏன் விசாரணை நடத்தமாட்டோம் என்று நேரிலேயே விளக்கினார். மே மாதம் குழுவின் வழக்கமான வினாத்தாளை, யாரும் கேட்காவிட்டாலும், பூர்த்தி செய்து அனுப்பினார் கார்லண்ட். தன் நீதிமன்றத்தில் புதிய வழக்குகளைக் கேட்பதை நிறுத்தியிருந்தார். வடகிழக்கு வாஷிங்டனின் அரசுப் பள்ளி ஒன்றில் பல ஆண்டுகளாகப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்து வந்தவர் அவர். தகுதியைப் பற்றி எந்தக் கட்சியிலும் ஒரு சொல் குறை எழவில்லை. எழுந்திருந்தால் நல்லது என்றுகூட நினைக்கிறேன். குறை என்றால் அதற்குப் பதில் சொல்லலாம்.

216ஆம் அறைக் கதவின் முன் நின்றபோது எனக்கு ராபர்ட் போர்க் நினைவுக்கு வந்தார். 1987இல் ரேகன் பரிந்துரைத்தவர். ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை செனட் அவரைக் கடுமையாக எதிர்த்தது. 12 நாள் விசாரணை. தோல்வி உறுதி என்று தெரிந்தும் பெயரைத் திரும்பப் பெற போர்க் மறுத்தார். முழு அவையும் வாக்களிக்கட்டும் என்றார். 58 பேர் எதிர்த்து, 42 பேர் ஆதரித்து வாக்களித்தார்கள். நிராகரித்தது சரியா என்று இன்றுவரை சண்டை நடக்கிறது. ஆனால் நிராகரித்த ஒவ்வொருவரின் பெயரும் ஏட்டில் இருக்கிறது. அவரவர் தொகுதியில் போய்ப் பதில் சொன்னார்கள். அதற்குப் பின் வந்த ஆண்டனி கென்னடியை, தேர்தல் ஆண்டான 1988 பிப்ரவரியில், அதே ஜனநாயகக் கட்சி அவை 97க்கு 0 என்று ஏற்றுக்கொண்டது.

செனட்டுக்கு நிராகரிக்கும் உரிமை உண்டு. அதை நான் மறுக்கவில்லை. கார்லண்ட் வேண்டாம் என்று 54 குடியரசுக் கட்சி உறுப்பினர்களும் கை தூக்கியிருந்தால் என் மனம் வருந்தியிருக்கும், ஆனால் அது அரசியல் சட்டம் கொடுத்த வழி. நடந்தது வேறு. வேண்டாம் என்று சொல்ல வேண்டிய பொறுப்பையும் யாரும் தோளில் ஏற்றிக்கொள்ளாமல், பரிந்துரையைக் கிடப்பில் போட்டார்கள். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்பார்கள் நம்மூரில். அதே வாதத்தை அமெரிக்காவிலும் சிலர் எழுதினார்கள்: செனட் பேசாமல் இருந்தால் ஒப்புதல் தந்ததாகவே எடுத்துக்கொண்டு ஒபாமா கார்லண்டை அமர்த்திவிடலாம் என்று. ஒபாமா அதைச் செய்யவில்லை. செய்திருக்கக் கூடாது என்பதே என் எண்ணமும். ஒரு விதிமீறலுக்கு மருந்து இன்னொன்று ஆகாது.

ஜனநாயகக் கட்சியின் கைகளும் சுத்தமில்லை. 1992 ஜூனில், நீதித் துறைக் குழுத் தலைவராக இருந்த ஜோ பைடன், தேர்தல் முடியும்வரை புதிய பரிந்துரைகளை எடுக்காமலிருப்பது நல்லது என்று அவையில் பேசினார். அப்போது இடம் எதுவும் காலியாக இல்லை. ஆனாலும் பேச்சு பேச்சுதான். 2016இல் குடியரசுக் கட்சியினர் அதற்கு அவர் பெயரையே வைத்து விதி என்று சொல்லிப் பிடித்துக்கொண்டார்கள். 2006இல் சாமுவேல் அலிட்டோவின் நியமனத்தை வாக்கெடுப்புக்கே விடாமல் தடுக்க முயன்றவர்களில் செனட்டர் ஒபாமாவும் ஒருவர். 2013இல் கீழ் நீதிமன்ற நியமனங்களை வாக்கெடுப்புக்குக் கொண்டுவரத் தேவைப்பட்ட 60 வாக்கு வரம்பை உடைத்தது ஜனநாயகக் கட்சிப் பெரும்பான்மை. ஒவ்வொரு தரப்பும் அடுத்தவர் செய்ததைக் காட்டியே தன் அடியை எடுத்து வைத்தது.

ஹார்ட்டிலிருந்து வெளியே வந்தபோது கேபிடலின் கிழக்கு வாசல் பக்கம் ஆரவாரம் கேட்டது. முந்தைய நாள் காலை முதல் பிரதிநிதிகள் சபையின் தரையில் ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் உட்கார்ந்து போராடிவிட்டு, சிறிது நேரத்துக்கு முன்புதான் வெளியே வந்திருந்தார்கள். ஆர்லாண்டோவில் 49 பேர் சுட்டுக்கொல்லப்பட்டு இரண்டு வாரம்கூட ஆகவில்லை. துப்பாக்கிக் கட்டுப்பாட்டு மசோதா மீது வாக்கெடுப்பு நடத்துங்கள் என்பது கோரிக்கை. ஜான் லூயிஸ் முன்னின்று நடத்தினார். கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத்தில் செல்மா பாலத்தில் அடி வாங்கியவர், 76 வயதில் கம்பளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கேட்டது மசோதா நிறைவேற வேண்டும் என்றுகூட அல்ல, வாக்கெடுப்பு வேண்டும் என்று. ஒரே நாளில், ஒரே கேபிடல் குன்றின் மேல், இரண்டு அவைகளிலும் தட்டுப்பாடாக இருந்தது வாக்கெடுப்புதான்.

இந்த மாதிரி இழுபறி அந்த நாட்டுக்குப் புதிதா என்றால், இல்லை. 1844-45இல் ஜான் டைலர் இரண்டு காலியிடங்களுக்கு ஐந்து பேரை மாற்றி மாற்றி ஒன்பது முறை பரிந்துரைத்தார், ஒருவர்தான் தேறினார். ஒரு நாற்காலி இரண்டு ஆண்டுக்கு மேல் காலியாகக் கிடந்தது. 1866இல் ஆண்ட்ரூ ஜான்சனுக்கு வாய்ப்பே கொடுக்கக் கூடாதென்று நாடாளுமன்றம் நீதிபதிகளின் எண்ணிக்கையையே சட்டம் போட்டுக் குறைத்தது. 1916இல் லூயிஸ் பிராண்டைஸ். முதல் யூத நீதிபதி. பெரும் நிறுவனங்களை எதிர்த்து வாதாடியவர் என்ற கோபமும் யூத வெறுப்பும் சேர்ந்து அவர் பெயரை 125 நாள் இழுத்தடித்தன. ஆனால் அவருக்காகத்தான் முதன்முதலில் பகிரங்க விசாரணை நடந்தது. அவரைத் தாக்கியவர்கள் எல்லாரும் பெயரோடு வந்து தாக்கினார்கள். கடைசியில் 47க்கு 22 என்று வென்றார். சரியாக நூறு ஆண்டு கழித்து கார்லண்டின் பரிந்துரை அந்த 125 நாள் சாதனையை முறியடித்தபோது, விசாரணையே இல்லாத நிலைக்கு அந்த நாடு வந்திருந்தது.

கான்ஸ்டிட்யூஷன் அவென்யூவில் மேற்கே இறங்கி நடந்தோம். குன்றின் அடிவாரத்தில் பிரெட்டிமேன் நீதிமன்றம். கார்லண்டும் சீனிவாசனும் பணிபுரிந்த இடம். அங்கிருந்து ஒன்பதாம் தெரு வரை போனால் தேசிய ஆவணக் காப்பகம். வட்ட மண்டபத்தில், மையின் நிறம் மங்காதபடி வெளிச்சத்தைக் குறைத்து வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அடியில் அரசியல் சட்டத்தின் நான்கு தோல் ஏடுகள். புகைப்படம் எடுக்கக் கூடாது. பள்ளிப் பிள்ளைகள் வரிசையில் முண்டியடித்துக்கொண்டு நகர்ந்தார்கள். இரண்டாம் பிரிவில் குடியரசுத் தலைவர் பரிந்துரைப்பார் என்றும், செனட்டின் ஆலோசனையோடும் ஒப்புதலோடும் நியமிப்பார் என்றும் இருக்கிறது. எத்தனை நாளுக்குள் என்று இல்லை. விசாரணை கட்டாயம் என்று இல்லை. பதில் சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்றும் இல்லை. எழுதியவர்கள் செனட்டர்கள் ஏற்பார்கள் அல்லது மறுப்பார்கள் என்றுதான் எண்ணியிருக்க வேண்டும். மூன்றாவது ஒரு வழி இருக்கும் என்பது அவர்கள் கணக்கில் வந்ததாகத் தெரியவில்லை. வழக்கத்தால் மட்டும் நின்றுகொண்டிருந்த இடம் அது. வழக்கத்தை மதிக்காத பெரும்பான்மை வந்ததும் அங்கே பிடித்து நிறுத்த ஒரு சொல்லும் இல்லை.

"எழுதி வச்சிருந்தா மட்டும் கேட்டிருப்பாங்களா மாமா?" என்று கேட்டான்.

கேட்டிருப்பார்கள் என்றே இன்றும் நினைக்கிறேன். 60 நாளுக்குள் வாக்கெடுப்பு என்று ஒரு வரி இருந்திருந்தால், ஒருவேளை தோற்கடித்திருப்பார்கள். ஆனால் எழுந்து நின்று தோற்கடித்திருப்பார்கள்.

அதன் பின் நடந்தவை ஊர் திரும்பிய பிறகு செய்தியில் படித்தவை. ஒன்பது நீதிபதிகள் வந்ததும் டெக்சாஸ் வழக்கை மறுபடி கேளுங்கள் என்று ஒபாமா அரசு ஜூலையில் மனுப் போட்டது. அந்தத் தாய் கேட்ட அதே கேள்வி. அக்டோபர் 3 அன்று ஒரு வரியில் மறுத்துவிட்டார்கள். நவம்பரில் டிரம்ப் வென்றார். 2017 ஜனவரி 3, பழைய நாடாளுமன்றத்தின் ஆயுள் முடிந்தபோது கார்லண்டின் பரிந்துரையும் தானாகக் காலாவதியானது. 293 நாள். யாரும் நிராகரிக்கவில்லை. ஏப்ரலில், டிரம்ப் பரிந்துரைத்த நீல் கோர்சச்சை ஜனநாயகக் கட்சியினர் தடுக்கப் பார்க்க, உச்ச நீதிமன்றத்துக்கும் 60 வாக்கு வேண்டும் என்ற வரம்பை மெக்கானல் நீக்கினார். கோர்சச் 54க்கு 45 என்று தேறினார். மறுகட்சியில் சிலரையாவது இணங்க வைக்க வேண்டும் என்ற கட்டாயம் அன்றோடு போயிற்று. 98க்கு 0 என்று ஸ்கேலியாவை ஏற்ற அவையில் இனி ஐம்பதைக் கொஞ்சம் தாண்டினால் போதும். ஒபாமாவின் அந்த ஏற்பாட்டை டிரம்ப் அரசு ஜூனில் ரத்து செய்தது. வழக்குக்கும் தேவையில்லாமல் போயிற்று.

2020 செப்டம்பர் 18 அன்று நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க் இறந்தார். தேர்தலுக்கு 46 நாள். அதே மெக்கானல் அன்றிரவே, டிரம்ப் பரிந்துரைப்பவருக்கு வாக்கெடுப்பு உண்டு என்றார். ஏமி கோனி பேரட்டின் பரிந்துரை அறிவிக்கப்பட்டு முப்பதாவது நாளில் 52க்கு 48 என்று முடிந்தது. ஜனநாயகக் கட்சியின் ஒரு வாக்கும் இல்லாமல். 2016இல் மக்கள் முடிவு செய்யட்டும் என்ற தத்துவம் ஐந்து ஆண்டு கூடத் தாங்கவில்லை. இதைப் படித்த அன்று அக்கா மகன் போன் செய்தான். "அந்தப் பொண்ணு இப்ப ஓட்டுப் போடற வயசுக்குக் கிட்ட வந்திருக்கும் மாமா," என்றான்.

2021 பிப்ரவரியில் மெரிக் கார்லண்ட் அதே நீதித் துறைக் குழுவின் முன் வந்து உட்கார்ந்தார், அட்டர்னி ஜெனரல் பதவிக்காக. கேள்வி கேட்டார்கள், பதில் சொன்னார். தன் முன்னோர் யூத வெறுப்புக்குத் தப்பி இந்த நாட்டுக்கு வந்ததைச் சொல்லும்போது குரல் உடைந்தது. மார்ச் 10 அன்று முழு அவையும் வாக்களித்தது. ஆதரவு 70, எதிர்ப்பு 30. எழுபதில் ஒன்று மிட்ச் மெக்கானலின் வாக்கு. 2016இல் அந்த அவை தன்னைத் தானே கேட்டுக்கொள்ள மறுத்த கேள்வியை, ஐந்து ஆண்டு கழித்து வேறொரு பதவிக்காகக் கேட்டு, ஒரே மாதத்துக்குள் பதிலும் சொல்லி முடித்தார்கள்.